பழைய ஆஸ்திரேலியப் படங்களை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? எதிலிருந்து தொடங்கலாம்?

‘வேக் இன் ஃப்ரைட்’ (1971) படத்திலிருந்து தொடங்குங்கள். விடுமுறைக்கு சிட்னி கிளம்பும் பள்ளி ஆசிரியர் ஒருவர், வழியில் ஒரு சுரங்க ஊரில் ஓர் இரவு தங்குகிறார். இரண்டு காசைச் சுண்டி ஆடும் ‘டூ-அப்’ சூதாட்டத்தில் கைப்பணம் முழுக்கப் போய்விடுகிறது. ஊரில் யாரும் அவருக்குக் கெடுதல் நினைப்பதில்லை. பார்க்கிறவரெல்லாம் பீர் வாங்கித் தருகிறார்கள். வேண்டாம் என்றால்தான் கோபம் வருகிறது. அந்த உபசரிப்பிலேயே மனிதர் சீரழிந்துபோகிறார். இயக்குநர் டெட் கோட்செஃப் நீலம், பச்சை போன்ற குளிர்ந்த நிறங்களை அரங்கிலும் உடையிலும் ஒதுக்கி வைத்தார். வெக்கை நம் தோலில் உறைப்பது அதனால்தான்.

இந்தப் படங்களின் பலமே இதுதான் என்பேன். வெயிலும் தூரமும் புழுதியும் மனிதர்களைப் பிடித்து ஆட்டுகின்றன. நிலம் பின்னணியாக நின்றுவிடுவதில்லை.

எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். ‘வேக் இன் ஃப்ரைட்’டின் மூல நெகட்டிவ் பல ஆண்டுகள் காணாமல் போயிருந்தது. படத்தொகுப்பாளர் ஆன்டனி பக்லி விடாமல் தேடி, 2004-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கண்டுபிடித்தார். அழிப்பதற்கு என்று குறித்து ஒதுக்கிய பெட்டிகளில் அது கிடந்தது. சீரமைத்த பிரதி 2009-இல் வெளிவந்தது. அதைத்தான் பார்க்க வேண்டும். வெளிறிய பழைய பிரதியில் மேலே சொன்ன நிற வேலை தெரியாது. கங்காரு வேட்டைக் காட்சியில் வருவது உண்மையான வேட்டை. தாங்க முடியாதவர்கள் அந்தப் பகுதியைத் தள்ளிவிடலாம்.

அடுத்து பீட்டர் வியரின் ‘பிக்னிக் அட் ஹாங்கிங் ராக்’ (1975). 1900 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு பாறைக்குன்றுக்கு உல்லாசப் பயணம் போன பள்ளி மாணவிகள் சிலரும் ஓர் ஆசிரியையும் காணாமல் போகிறார்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்: முடிச்சு அவிழும் என்று கடைசிவரை காத்திருப்பார்கள். அவிழாது. ஜோன் லிண்ட்சேயின் நாவலைத் தழுவிய கதை இது. உண்மைச் சம்பவமும் அல்ல. விடையைத் தேடாமல், வெளிச்சத்தையும் சத்தத்தையும் கவனியுங்கள். ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் பாய்டு, மணப்பெண் முகத்திரைத் துணியை லென்ஸுக்கு முன் கட்டிப் படம்பிடித்தார். பழைய ஓவியம் போன்ற அந்த மங்கல் அப்படி வந்தது. பாறைக் காட்சிகளில் நிலநடுக்க ஒலியை வேகம் குறைத்து அடியில் கலந்திருக்கிறார்கள். கைப்பேசி ஒலிபெருக்கியில் அது எடுபடாது, நல்ல ஹெட்ஃபோன் கட்டாயம். 1998-இல் வியரே சில நிமிடங்களைக் குறைத்து இன்னொரு பிரதி வெளியிட்டார். முதல்முறை பார்ப்பவருக்கு 1975 பிரதியின் நிதானமே சரி.

கார் துரத்தல் படமான ‘மேட் மேக்ஸ்’ (1979) தேடும்போது குரலைச் சரிபாருங்கள். அமெரிக்காவில் முதலில் வெளியிட்டபோது ஆஸ்திரேலியப் பேச்சை நீக்கிவிட்டு அமெரிக்க உச்சரிப்பில் டப்பிங் செய்துவிட்டார்கள். நாயகன் மெல் கிப்சனின் குரல்கூட அவருடையது அல்ல. அந்தப் பிரதியில் படத்தின் பாதி உயிர் போய்விடுகிறது. இயக்குநர் ஜார்ஜ் மில்லர் அடிப்படையில் மருத்துவர், சாலை விபத்துக் காயங்களை நேரில் பார்த்தவர். மோதல் காட்சிகளில் அது தெரியும்.

சிரிக்க வேண்டுமென்றால் 11 நாளில் எடுத்து முடித்த ‘தி காசில்’ (1997). விமான நிலையத்தை ஒட்டிய ஒரு சாதாரண வீட்டை அரசு கையகப்படுத்த வருகிறது, குடும்பம் வழக்குப் போடுகிறது. சொத்தை எடுத்தால் நியாயமான ஈடு தர வேண்டும் என்ற ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 51-ஆம் பிரிவைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நீதிமன்றக் காட்சிகள் இன்னும் சுவைக்கும்.

இவற்றோடு நிறுத்திவிட்டால் வெள்ளையர் கண்ணில் பட்ட நிலத்தை மட்டுமே பார்த்திருப்பீர்கள். ‘டென் கனூஸ்’ (2006) பழங்குடியினரின் யோல்ங்கு மொழிகளில் பேசும் படம். பழங்குடி நடிகர் டேவிட் கல்பிலில் ஆங்கிலத்தில் கதைசொல்லும் பிரதியைத் தேர்ந்தெடுங்கள். கதைக்குள் கதை போய் மீளும்போது, குழம்பாமல் கூட்டிப்போவது அவர் குரல்தான்.