முதியோர் உணவு: பராமரிப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 78. ஆறு மாதங்களுக்கு முன் 52 கிலோ இருந்தார், இப்போது 48. எதைச் செய்து கொடுத்தாலும் நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு, "போதும்மா" என்று தட்டை நகர்த்திவிடுகிறார். நாள் முழுவதும் அடுப்படியிலேயே நிற்கிறேன். எந்த வேளைக்கு என்ன கொடுப்பது என்று ஒரு பட்டியல் தர இயலுமா?

பதில்: பட்டியலுக்கு முன் எடையைப் பார்ப்போம். ஆறு மாதத்தில் 4 கிலோ என்பது அவருடைய எடையில் ஏறக்குறைய 8 சதவீதம். எந்த முயற்சியும் செய்யாமலே ஓராண்டுக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினால், அதை வயதின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் அழைத்துச் சென்று காரணத்தைத் தேடுங்கள். மலச்சிக்கல், மனச்சோர்வு, தைராய்டு கோளாறு, வாய்ப்புண் எனப் பசியைக் கெடுப்பவை பல உள்ளன. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், இதய நோய்க்கான டிகாக்சின் போன்ற மாத்திரைகளும் அந்த வரிசையில் உண்டு. இவற்றுள் ஒன்று காரணமாக இருந்தால், நீங்கள் எத்தனை விதமாகச் சமைத்தாலும் தட்டு பாதியில்தான் நிற்கும்.

வாயையும் பாருங்கள். என் அம்மா தம் கடைசி ஆண்டுகளில் காய்களையும் இறைச்சியையும் வெகுநேரம் மென்று, நான் பார்க்காதபோது கைக்குட்டையில் துப்பி மடித்து வைத்துக்கொண்டிருந்ததை, அந்தக் கைக்குட்டையைத் துவைக்க எடுத்த அன்றுதான் கண்டேன். உடல் மெலிந்ததில் பல்செட் தளர்ந்து, கடிக்கும்போதெல்லாம் ஈறில் உராய்ந்து வலித்திருக்கிறது. எனக்குச் சிரமம் தரக் கூடாது என்று அவர் வாய் திறக்கவில்லை. உங்கள் மாமியாருக்குப் பல்செட் இருந்தால், அதைக் கழற்றச் சொல்லி ஈறில் சிவந்த இடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இனித் திட்டத்துக்கு வருவோம். முதல் மூன்று நாள், எந்த நேரத்தில் எவ்வளவு உள்ளே போனது என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். முதியவர்களில் பலருக்குக் காலையில் பசி நன்றாக இருந்து, பொழுது சாயச் சாய மங்கிவிடும். உங்கள் தாளிலும் அப்படித் தெரிந்தால், நாளின் சத்தான உணவைக் காலைக்கு மாற்றிவிட்டு, இரவில் அவர் கொஞ்சமாகச் சாப்பிடுவதைப் பற்றிக் கவலைப்படாமல் இருங்கள். நான்கு வாய்தான் சாப்பிடுவார் என்றால், அந்த நான்கு வாயில் எவ்வளவு சத்தை வைக்கலாம் என்பதுதான் நம் வேலை. தட்டை நிறைத்து வைத்தால், பார்த்தவுடனேயே வயிறு நிறைந்துவிடும். சிறிய தட்டில் சிறிதளவாக, நாளைக்கு ஐந்தாறு முறை கொடுங்கள். உணவுக்குச் சற்று முன் நிறையத் தண்ணீர் குடிக்க வைக்காதீர்கள்.

முதுமையில் தசைகள் புரதத்தை இளமையில் போல எளிதாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை. ஆகவே உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் மாமியாருக்கு அது 48 முதல் 58 கிராம். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். கணக்குப் போட்டால் எட்டிவிடும். இரண்டு முட்டையில் 12 கிராம், 240 மில்லி பிடிக்கும் டம்ளரில் இரண்டு டம்ளர் பாலில் 16 கிராம், அந்தப் பாலில் கரைத்த நான்கு மேசைக்கரண்டி பால்பவுடரில் 8 கிராமுக்குக் குறையாமல், ஒரு கிண்ணம் வேகவைத்த பருப்பில் 16 கிராம் அளவுக்குக் கிடைக்கும். இதை ஒரே வேளையில் திணிக்காமல் நாள் முழுவதும் பிரித்துக் கொடுங்கள். சூப்பிலும் மசித்த காயிலும் ஒரு கரண்டி வெண்ணெயோ எண்ணெயோ கலந்தால், அளவு கூடாமலே கலோரி கூடும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தப் புரதக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவிலேயே நிற்க வேண்டும்.

கேள்வி: 81 வயதான அப்பாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. அவருக்குத் தனியாக, பிள்ளைகளுக்குத் தனியாக, எங்களுக்குத் தனியாக என மூன்று சமையல் செய்துவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, மூன்று சமையலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே பருப்பு, ஒரே காய், ஒரே மீன் போதும். உப்பும் காரமும் சேர்ப்பதற்கு முன் அப்பாவின் பங்கை எடுத்து, இன்னும் சில நிமிடம் மென்மையாக வேகவிட்டு, எலுமிச்சைச் சாறும் பூண்டும் மூலிகை இலைகளும் சேர்த்து மணமூட்டுங்கள். வயதானால் நாக்கின் சுவையுணர்வைவிட மூக்கின் மோப்பம் கூடுதலாகக் குறைகிறது; அவர் "சப்பென்று இருக்கிறது" என்பது குறை கூறுவதற்காக அல்ல, அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது.

வாரத்தில் இரண்டு நாள் கூடுதலாகச் சமைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து, தேதி எழுதி உறைபெட்டியில் வையுங்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பெட்டியின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. ஆவி பறக்கும்வரை ஒரே ஒரு முறைதான் சூடாக்க வேண்டும். இளையவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போகும் கிருமி, 81 வயதில் படுக்கையில் தள்ளிவிடும்.

இன்னொன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். இத்தனை ஆண்டுகளாகப் பின்பற்றும் பத்தியம் அதே கண்டிப்போடு இன்னும் தேவையா? தளர்ந்த முதியவர்களுக்குச் சர்க்கரை இலக்கைச் சற்றுத் தளர்த்துவது இன்று ஏற்கப்பட்ட நடைமுறை. அது வேண்டாம், இது வேண்டாம் என்று விலக்கி விலக்கிக் கடைசியில் எதையுமே உண்ணாமல் மெலிந்துபோகும் முதியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 74 வயது. பக்கவாதம் வந்த மனைவிக்கு நானே ஊட்டுகிறேன். தண்ணீர் குடித்தால் இருமுகிறாள். கெட்டியாகக் கொடுத்தால் பரவாயில்லை. அப்படியே தொடரலாமா?

பதில்: ஐயா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீரில் இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, கன்னத்துக்குள் உணவு தங்குவது, காரணமில்லாமல் அடிக்கடி காய்ச்சல் வருவது ஆகியவை விழுங்குவதில் சிக்கல் இருப்பதன் அறிகுறிகள். நீர் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சை நிபுணர் ஒருவர் அவரைப் பரிசோதித்து, நீர் எவ்வளவு கெட்டியாக, உணவு எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்று சொல்வார். இதற்கென்று உலக அளவில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் மனைவிக்கு எந்த நிலை என்று கேட்டு எழுதி, அடுப்புக்கு மேலே ஒட்டிவையுங்கள். உத்தேசமாகக் கெட்டியாக்க வேண்டாம். அளவுக்கு மீறிக் கெட்டியானால் அவர் குடிப்பதையே குறைத்துவிடுவார், உடல் வறண்டுவிடும்.

அதுவரை, படுத்த நிலையில் எதையும் கொடுக்காதீர்கள். முதுகை நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, நீங்களும் அவர் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து, சிறு கரண்டியால் ஊட்டுங்கள். விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. அவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் அந்த வேளையைச் சற்றுத் தள்ளிவையுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். வாயையும் சுத்தம் செய்துவிடுங்கள்.

கேள்வி: அம்மா தைராய்டு மாத்திரையும் வார்ஃபரினும் சாப்பிடுகிறார். உணவில் எதை விலக்க வேண்டும்?

பதில்: விலக்குவதைவிட நேரமும் சீரான அளவும் முக்கியம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் கொடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து உணவு கொடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வார்ஃபரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை; கீரையில் உள்ள வைட்டமின் கே அதற்கு எதிராக வேலை செய்யும். ஆனாலும் வார்ஃபரின் எடுப்பவர் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு உண்டால் போதும். ஒரு வாரம் நிறைய, மறு வாரம் இல்லை என்பதுதான் இரத்தப் பரிசோதனையின் அளவைக் குழப்பும்.

கேள்வி: மறதி நோய் உள்ள பெரியம்மா, தட்டில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். வற்புறுத்தினால் கோபம் வருகிறது.

பதில்: வெள்ளைத் தட்டில் வெளிர்நிற உணவு இருந்தால், அது அவர் கண்ணில் படாமலே போகலாம். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைத் தட்டுக்குப் பதிலாக அடர்சிவப்புத் தட்டில் பரிமாறியபோது அவர்கள் உண்ணும் அளவு 25 சதவீதம் கூடியது. மேசையில் ஒரு தட்டு, ஒரு கரண்டி மட்டும் இருக்கட்டும், தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். கரண்டி பிடிக்கத் தெரியாமல் போயிருந்தால், கையில் எடுத்துக் கடிக்கக்கூடிய மென்மையான துண்டுகளாக, முட்டை, வேகவைத்த காய், பழம் ஆகியவற்றை வெட்டிக் கொடுங்கள். முதல் துண்டை அவர் கையில் வைத்துவிட்டு, நீங்களும் எதிரில் உட்கார்ந்து உங்கள் தட்டிலிருந்து சாப்பிடத் தொடங்குங்கள். பார்த்துச் செய்யும் பழக்கம் மறதியிலும் நெடுநாள் தங்கியிருக்கும். உங்கள் கை வாய்க்குப் போவதைப் பார்த்து அவர் கையும் எழக்கூடும்.