இடிடரோட் நாய் வண்டிப் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் யார் முன்னிலை என்று எப்படிக் கணிப்பது?

ஜிபிஎஸ் வரைபடத்தில் முன்னே நகரும் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள். அலாஸ்காவின் ஒயிட் மவுண்டன் என்ற நிறுத்தத்தில் எல்லோரும் 8 மணி நேரம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். ஆகவே அங்கே ஒருவர் வந்து சேர்ந்த நேரத்தோடு 8 மணி நேரத்தைக் கூட்டுங்கள். அதற்கு முன் அவர் கிளம்ப முடியாது. அங்கிருந்து இலக்கான நோம் 77 மைல். மணிக்கு 8 மைல் என்று வைத்தால் ஒன்பதரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு மணி நேர இடைவெளியை நாய்களின் வேகத்தால் மட்டும் பிடிப்பது மிகக் கடினம்.

ஆனால் காற்று எல்லாவற்றையும் புரட்டிவிடும். டாப்காக் குன்றுகளைத் தாண்டியதும் கடலோரத்தில் காற்று குழாயில் பாய்வதுபோல் சீறும் ஒரு பகுதி வருகிறது. அங்கே புள்ளி நின்றுவிட்டால் அதை ஓய்வென்று எண்ணாதீர்கள், பெரும்பாலும் சிக்கல்தான். 2014-இல் முன்னணியில் இருந்த ஜெஃப் கிங்கைக் காற்று பாதையிலிருந்து தள்ளியது. அவர் விலக நேர்ந்தது. இரண்டாவதாக வந்த ஆலி சர்க்கிள், நோமுக்கு 22 மைல் முன்னுள்ள கடைசி நிறுத்தமான சேஃப்டியில் புயலுக்கு ஒதுங்கினார். மூன்றாவதாக இருந்த டாலஸ் சீவி அங்கே ஒதுங்காமல் ஓட்டி, 2 நிமிடம் 22 விநாடி வித்தியாசத்தில் வென்றார். எனவே சேஃப்டியில் வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் பாருங்கள்.

முடிவுக் கோட்டில் கணக்கு முன்னணி நாயின் மூக்குக்குத்தான். 1978-இல் டிக் மேக்கி ஒரே விநாடி வித்தியாசத்தில் வென்றது அப்படித்தான்.