ஹோமச் சாம்பலும் அட்சதையும்: மண்டபத்துக்கு எந்த வேக்குவம் கிளீனர்?

கேள்வி: எங்கள் குடும்பத்துத் திருமண மண்டபத்தை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். மாடியில் ஏசி ஹால், அதில் மணமேடையிலும் நடைபாதையிலும் கார்பெட். கீழே டைனிங் ஹால். பின்கட்டில் பதினாறு அறைகள். வீட்டு உபயோக வேக்குவம் கிளீனர் இரண்டு வாங்கினோம், இரண்டுமே மோட்டார் எரிந்துவிட்டன. இப்போது கடைக்காரர் மூன்று மோட்டார் கொண்ட 3000 வாட்ஸ் மெஷின் ஒன்றே போதும் என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா, முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் அந்த இரண்டு மோட்டாரும் ஏன் எரிந்தன என்று பார்ப்போம். வீட்டு மெஷின் கால் மணி, அரை மணி ஓடுவதற்காகச் செய்தது. அது உறிஞ்சும் காற்றுதான் அதன் மோட்டாரையும் குளிர வைக்கிறது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், மோட்டார் சூடேறும். மண்டபத்தில் ஃபில்டரை அடைப்பது பெரும்பாலும் ஹோமச் சாம்பல்தான். அட்சதை, பூவிதழ், ஜிகினா எல்லாம் பையின் அடியில் விழுந்துவிடும். சாம்பலோ மாவு போலத் துணியின் இழைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். திறந்து பார்த்தால் பை பாதிகூட நிறைந்திருக்காது, ஆனால் இழுவை இருக்காது. தட்டினாலும் முழுதாகப் போகாது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சாம்பலுக்கு அடியில் கங்கு மணிக்கணக்கில் அணையாமல் கிடக்கும். காற்று பட்டால் பைக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். ஆகவே எந்த மெஷின் வாங்கினாலும் ஹோமகுண்டத்துப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து வாட்ஸ். அது மெஷின் எவ்வளவு கரண்ட் எடுக்கும் என்பதற்கான கணக்கு, எவ்வளவு இழுக்கும் என்பதற்கு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் உலர் தூசிக்கான சாதாரண வேக்குவம் கிளீனர்கள் 900 வாட்ஸுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று விதி. அங்கேயும் கார்பெட் சுத்தமாகத்தான் இருக்கிறது. விவரத்தாளில் நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: விநாடிக்கு எத்தனை லிட்டர் காற்று போகிறது, உறிஞ்சும் அழுத்தம் எத்தனை மில்லிபார். கார்பெட் தூசிக்கு முதலாவது முக்கியம். தண்ணீரையும் கனமான குப்பையையும் தூக்க இரண்டாவது வேண்டும். இந்த இரண்டு எண்களையும் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

3000 வாட்ஸ் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர். அதற்கு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டும். மணமேடைப் பக்கம் அது இருக்கிறதா? இல்லையென்றால் பந்தல்காரர் விட்டுப்போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் சொருகுவார்கள், அந்த மெல்லிய ஒயர் சூடாகி உருகும். போதாக்குறைக்கு அந்த மெஷினை மாடிக்குத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இரண்டு நாளில் அது படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுவிடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு மெஷின் வாங்குவேன். மாடிக்கும் அறைகளுக்கும் ஒற்றை மோட்டார் உலர் மெஷின், வணிக உபயோகத்துக்குச் செய்தது, 10 முதல் 15 லிட்டர் டேங்க், நீளமான ஒயர். சுழலும் பிரஷ் வைத்த மாடல் வேண்டாம். மண்டபத்தில் உதிராத மல்லிகைச் சரமா? நாரும் தலைமுடியும் உருளையில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு முகூர்த்தத்துக்குப் பிறகும் கத்தரிக்கோலோடு உட்கார வேண்டியிருக்கும்.

டைனிங் ஹாலுக்கு ஈரமும் உலர்வும் எடுக்கும் இரண்டு மோட்டார் மெஷின், 60 லிட்டர் அளவில். இதில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று தனி வழியில் போகிறதா என்று கேளுங்கள். தண்ணீர் நிறைந்ததும் உள்ளே இருக்கும் மிதவை எழும்பி உறிஞ்சுவதை அடைத்துவிடும், சத்தம் கீச்சென்று மாறும். உடனே நிறுத்திவிட்டுத் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று பணியாளர்களுக்குக் காட்டிக்கொடுங்கள். ஆனால் சோப்பு நுரைக்கு மிதவை சரியாக எழும்பாது, நுரை நேராக மோட்டாருக்குப் போகும். பந்தி முடிந்து சாம்பார் எண்ணெய்க்காகச் சோப்புப் பொடியைத் தாராளமாகத் தூவிக் கழுவும் பழக்கம் இருந்தால், அளவைக் குறையுங்கள், அல்லது டேங்கில் நுரை அடக்கும் திரவத்தை ஊற்றிக்கொள்ளுங்கள். வெறும் கிரானைட், டைல்ஸ் தரைக்கு வேக்குவம் தேவையே இல்லை. அகலமான டஸ்ட் மாப் வேகமாக முடித்துவிடும்.

கடைசி முடிவை உங்கள் பணியாளர்களிடம் விடுங்கள். ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங்கில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க, விலை பேசும் அறைக்குள் மெஷினைப் பிடிக்கும் பெண்களை யாரும் கூப்பிட்டதே இல்லை. முதுகு வளைந்து, காது அடைத்து அதோடு உழைப்பவர்கள் அவர்கள்தான். குழாய் அவரவர் உயரத்துக்கு நீள வேண்டும். சத்தம் 65 டெசிபலா, 75 டெசிபலா என்று பாருங்கள், 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். டெமோவை ஷோரூமில் பார்க்காதீர்கள். முகூர்த்தம் முடிந்த மதியம், குப்பை அப்படியே கிடக்கும்போது உங்கள் ஹாலுக்கே வரச் சொல்லுங்கள். மெஷினை விற்பனையாளர் பிடிக்கக் கூடாது, உங்கள் ஆட்கள் பிடிக்கட்டும்.

அப்புறம் ஸ்பேர். கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் தேயும் சின்னக் கார்பன் துண்டு), ஃபில்டர், ஹோஸ் மூன்றுக்கும் விலையைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். கோவை உங்களுக்குப் பக்கம், கிளீனிங் மெஷின் செய்யும் ரூட்ஸ் மல்டிகிளீன் அங்கேதான் இருக்கிறது. கார்ச்சர், யுரேகா ஃபோர்ப்ஸ் போன்றவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். ஈரோட்டுக்கு யாருடைய மெக்கானிக் மறுநாளே வருவாரோ, அவரிடம் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் மருத்துவமனைக்கு ஹெப்பா ஃபில்டர் என்று எழுதிய மெஷின் இருந்தால் போதுமா?
– வாசகர், மதுரை

பதில்: ஹெப்பா என்பது நுண்தூசியைப் பிடிக்கும் ஃபில்டர், அதில் தர வகுப்புகள் உண்டு. எழுத்தை நம்பாமல் வகுப்பைக் கேளுங்கள். ஹெச்13 என்றால் பிடிக்க மிகக் கடினமான நுண்துகளிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் தூசி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும், ஆகவே ரப்பரை அடிக்கடி பாருங்கள். தூக்கி எறியும் பை உள்ள மாடலாக வாங்கி, பையை வார்டுக்கு வெளியே மாற்றச் சொல்லுங்கள். வார்டுத் தரைக்கு ஈர மாப்தான். ரத்தம் சிந்திய இடத்தில் வேக்குவத்தை வைக்கவே கூடாது.