என்விரான்மென்டல் ஹெல்த் முதுகலை: பல்கலைக்கழகத்துக்கு முன் பட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் மகள் பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு. அமெரிக்காவில் என்விரான்மென்டல் ஹெல்த் (காற்று, நீர், வேதிப்பொருள் போன்ற சூழல் காரணிகள் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராயும் துறை) படிக்க ஆசைப்படுகிறாள். ஏழு பல்கலைக்கழகங்களை எழுதி அனுப்பி, எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். தரவரிசையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் சார். உங்கள் பட்டியலில் எம்.பி.ஹெச்., எம்.எஸ். இரண்டும் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும்.

எம்.பி.ஹெச். (மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த்) பொதுச் சுகாதாரத் துறையில் வேலைக்குத் தயார்செய்யும் பட்டம். பொதுச் சுகாதாரப் படிப்புகளை மதிப்பிடும் அமெரிக்காவின் சி.இ.பி.ஹெச். அமைப்பின் அங்கீகாரம் உள்ள படிப்பு என்றால் குறைந்தது 42 கிரெடிட், கூடவே கட்டாயக் களப்பயிற்சி. பெரும்பாலான இடங்களில் கட்டணம் முழுக்க நம் கைக்காசு அல்லது கடன். எம்.எஸ். ஆய்வு சார்ந்த பட்டம். பெரும்பாலும் தீசிஸ் இருக்கும். பேராசிரியரின் திட்டத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால் கட்டண விலக்கும் மாதத் தொகையும் கிடைக்கலாம்.

'கிடைக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். அந்தப் பணம் ஆராய்ச்சி மானியத்திலிருந்து வருகிறது. 2025-ல் அங்கே கூட்டரசின் ஆராய்ச்சி நிதி கடுமையாக வெட்டப்பட்டது. பணியிட நலத்தை ஆராயும் நையோஷ் நிறுவனத்தில் ஏப்ரலில் பெரும் ஆட்குறைப்பு நடந்தது. போதாக்குறைக்கு, துறை இணையப்பக்கத்தில் பெருமையாகப் போட்டிருக்கும் 'டிரெய்னிங் கிராண்ட்' (மாணவர் பயிற்சிக்கான நிதி) பலவும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். எனவே துறைக்கு இப்படி மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்: "சென்ற ஆண்டு சேர்ந்த எம்.எஸ். மாணவர்களில், எஃப்-1 மாணவர் விசாவில் வந்த எத்தனை பேருக்கு முதல் செமஸ்டரிலேயே உதவியாளர் பணி கிடைத்தது?" எண்ணிக்கை சொல்லாமல் மழுப்பினால் பணம் இல்லை என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேதியியல் படித்தவளுக்கு என் பரிந்துரை எம்.எஸ்.தான். அதிலும் எக்ஸ்போஷர் சயன்ஸ் (மாசு மனிதரை எவ்வளவு சேர்கிறது என்று அளக்கும் பிரிவு) அல்லது இண்டஸ்ட்ரியல் ஹைஜீன் (பணியிடத்தில் உடல்நலத்துக்கு வரும் கேடுகளை அளந்து தடுக்கும் பிரிவு). எம்.பி.பி.எஸ்., நர்சிங் முடித்தவருக்கு எம்.பி.ஹெச். கூடுதல் பலம், பி.எஸ்சி.யை மட்டும் வைத்திருப்பவருக்கு அது அந்த அளவு உதவாது.

அடுத்து பாடத்திட்டம். டாக்ஸிகாலஜி, எபிடெமியாலஜி, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், எக்ஸ்போஷர் அசெஸ்மென்ட், ரிஸ்க் அசெஸ்மென்ட் ஆகிய ஐந்தும் கட்டாயப் பாடமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். காற்றை உறிஞ்சும் பம்ப்பை அளவுதிருத்தி, வடிதாளில் தூசியைப் பிடித்து, ஆய்வகத்தில் அளக்கும் செய்முறை வகுப்பும் இருக்க வேண்டும். பெயரில் 'குளோபல்', 'பாலிசி' என்று கவர்ச்சி காட்டும் சில படிப்புகளில் அளவீட்டு வகுப்பே இருக்காது. தொழிற்சாலை வேலைக்கான நேர்காணலில்தான் அந்த ஓட்டை தெரியவரும். சி.ஐ.ஹெச். (சர்ட்டிஃபைட் இண்டஸ்ட்ரியல் ஹைஜீனிஸ்ட்) சான்றிதழ்த் தேர்வு எழுத இண்டஸ்ட்ரியல் ஹைஜீன் பாடங்களில் 180 வகுப்பு மணி நேரமும், சுமார் 4 ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். வளைகுடா எண்ணெய் நிறுவனங்களிலும் மதிப்புள்ள சான்றிதழ் அது. அந்த மணி நேரம் படிப்புக்குள்ளேயே நிறைவடைந்தால் லாபம்.

கடன் வாங்குகிறவர் தவறவிடக் கூடாதது சி.ஐ.பி. எண், அதாவது அமெரிக்காவில் ஒவ்வொரு படிப்பு வகைக்கும் உள்ள குறியீட்டு எண். படிப்பு முடித்ததும் ஓ.பி.டி. என்ற பெயரில் 12 மாதம் வேலை பார்க்கலாம். படிப்பின் எண் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். எபிடெமியாலஜியின் 26.1309 பட்டியலில் உண்டு. பொதுவான பப்ளிக் ஹெல்த்தின் 51.2201 இல்லை. ஒரே மாதிரிப் படிப்புக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் எண் மாறும். இடம் கிடைத்தபின் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அது அச்சாகி வரும்போது பார்த்துப் பயனில்லை, விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் அரசு வேலை அறிவிக்கைகளைப் பாருங்கள். முதுகலைப் பாடங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுவார்கள். பட்டத்தின் பெயர் ஒட்டாவிட்டால் சிக்கல். தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்குத் தனி டிப்ளமோ வேண்டும்; சென்னை மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் அது உண்டு. ஆராய்ச்சிதான் விருப்பம் என்றால் இங்கே வேர் உள்ள பேராசிரியர்களைத் தேடுவது நல்லது. விறகடுப்புக்குப் பதில் கேஸ் அடுப்பு கொடுத்து, 4 நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஹேப்பின் ஆய்வின் இந்தியக் களம் தமிழ்நாடுதான். சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவோடு எமரி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் அதில் சேர்ந்திருந்தன. தமிழ் பேசும் மாணவிக்கு இப்படிப்பட்ட குழுவில் தனி மதிப்பு உண்டு.

இனி சான்றிதழ் வேலை. பல்கலைக்கழகங்களின் பொதுச் சுகாதாரப் பள்ளிகள் பலவற்றுக்கு சோஃபாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியேதான் விண்ணப்பம். அதற்கு நம் மதிப்பெண்களை, வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் டபிள்யூ.இ.எஸ். நிறுவனம் பாடவாரியாக மதிப்பிட்டு அனுப்ப வேண்டும். மூன்றாண்டுப் பட்டம் என்பதால், நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்பார்களா என்று ஒவ்வொரு பள்ளியிலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல கடைசித் தேதிகள் டிசம்பர், ஜனவரியில் விழும். டபிள்யூ.இ.எஸ்.ஸைவிட நம் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்கிரிப்ட் பிரிவில்தான் நாள் கரையும். ஐந்தாம் செமஸ்டர் முடிவு வரட்டும் என்று காத்திராமல், இருக்கும் மதிப்பெண் பட்டியல்களோடு ஆகஸ்டிலேயே அங்கே மனு கொடுத்துவிடச் சொல்லுங்கள்.