மூச்சும் வாங்குது, காலும் தடுமாறுது: நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள பெரியவர்களுக்கான கேள்வி பதில்

சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் அடைத்துக் காற்று எளிதில் வெளியே போகாத நோய்) போன்ற நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள பெரியவர்கள் நடையில் தடுமாறுவது, விழுவது பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் நுரையீரல் நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்.

காரைக்குடியிலிருந்து: எங்க அப்பச்சிக்கு 74 வயசு. சி.ஓ.பி.டி.க்கு இன்ஹேலர் போடுறாங்க. இந்த வருஷம் ரெண்டு தடவை வீட்டுக்குள்ளேயே விழுந்துட்டாங்க. பிரஷர், சுகர் எல்லாம் சரியா இருக்கு. நுரையீரலுக்கும் விழறதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே உண்டு. மூச்சை ஊதச் சொல்லிப் பார்க்கிறார்களே தவிர, "விழுந்தீங்களா?" என்று கேட்பவர்கள் குறைவு.

முதல் காரணம் தொடை. மூச்சு வாங்குதே என்று நடையைக் குறைப்பார்கள். நடை குறைய முன்தொடைத் தசை கரையும். தசை கரைந்தால் அதே தூரத்துக்கு இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும். சி.ஓ.பி.டி. உள்ளவர்களின் தொடை பலம், அதே வயதுள்ள மற்றவர்களைவிட 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்திருப்பது சாதாரணம்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. கால் இடறினால் உடம்பைச் சட்டென்று நிமிர்த்திப் பிடிப்பது வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகள். மூச்சு முட்டும்போது காற்றை உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் அதே தசைகளைத்தான் உடம்பு கூப்பிடுகிறது. அடுப்பையும் வாசலையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்கிற கதை. அதனால்தான் படி ஏறி முடிக்கும் இடத்திலும், பாத்ரூமுக்கு அவசரமாகப் போகும்போதும் விழுகிறார்கள்.

இதோடு, அடிக்கடி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இடுப்பு, தொடைத் தசை தளரும், எலும்பு மெலியும், கண்ணில் புரையும் வரும். மற்றவருக்கு வெறும் சிராய்ப்பாகப் போகும் விழுதல் இவர்களுக்கு எலும்பு முறிவாகிவிடும்.

அப்பச்சி விழுந்த இரண்டு தடவையையும் எழுதுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், அப்போது மூச்சு வாங்கியதா, அப்போதுதான் எழுந்தார்களா, தலை சுற்றியதா, காலில் ஏதாவது தட்டியதா. டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: எங்க வீட்டுக்காரர் தினம் அரை மணி நேரம் கோயிலைச் சுத்தி நடக்கிறாங்க. அது போதாதா?

மூச்சுக்கு நல்லது ஆச்சி, விடவேண்டாம். ஆனால் சமநிலைக்கு அது போதாது. சமமான தரையில், பழகிய பாதையில் நேராக நடக்கும்போது உடம்பு தடுமாறவே வேண்டியதில்லை. தடுமாற்றத்தைச் சமாளிக்கும் திறமையைத் தனியாகத்தான் பழக்க வேண்டும். நுரையீரல் நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சியிலும் இதே குறை உண்டு. நடையும் சைக்கிளும் மட்டும் கொடுத்தால் மூச்சு தேறும், சமநிலை பெரிதாக மாறாது.

கானாடுகாத்தானிலிருந்து: விழுற ஆபத்து இருக்கான்னு வீட்லயே பார்க்க முடியுமா?

மூன்று சோதனை போதும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

கை வைத்த நாற்காலியில் உட்கார வையுங்கள். அங்கிருந்து 3 மீட்டரில், அதாவது 10 அடியில், தரையில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டிய ஆள். நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். திரும்பும் இடத்தில் பல சிறு அடிகள் வைக்கிறாரா, சுவரைத் தேடுகிறாரா என்றும் பாருங்கள்.

அடுத்தது, 17 அங்குல உயர நாற்காலியில் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்பது. 70 முதல் 74 வயது ஆணுக்கு 12க்குக் கீழும், பெண்ணுக்கு 10க்குக் கீழும் வந்தால் கால் பலம் குறைவு. மூச்சு முட்டி நிறுத்தினாரா, கால் ஓய்ந்து நிறுத்தினாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மூன்றாவது, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் பெருவிரலைத் தொடும்படி முன்பின்னாக நிற்பது. 10 வினாடி நிற்க முடியாவிட்டால் விழும் ஆபத்து அதிகம்.

புதுவயலிலிருந்து: பயிற்சியைப் படிப்படியா சொல்லுங்க.

முதலில் நேரம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால், அதைப் போட்டு 10, 15 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். சாப்பிட்டதும் வேண்டாம். வயிறு நிறைந்திருந்தால் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மூச்சுத் தசை) இறங்க இடமிருக்காது. ஒன்றரை மணி நேரமாவது போகட்டும்.

இடம்: இரண்டு சுவர் சேரும் மூலை. முதுகு மூலைப் பக்கம், முன்னால் வழுக்காத கனமான நாற்காலி, அதன் முதுகு உங்களைப் பார்த்து. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிக்க ஒன்று இருக்கும்.

மூச்சு: மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, விசிலடிப்பது போல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விடுங்கள். பலம் கொடுக்கும் நொடியில் மூச்சு வெளியே போக வேண்டும். எழும்போது விடு, உட்காரும்போது இழு. மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. எழுந்ததும் தலை கிறுகிறுக்கும்.

பலத்துக்கு: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல் (முதலில் இருக்கையில் தலையணை வைத்து), குதிகால் தூக்குதல், காலைப் பக்கவாட்டில் தூக்குதல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று, நடுவில் ஒன்றிரண்டு நிமிட ஓய்வு. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். 12 முறை சுலபமாகிவிட்டால் நாற்காலியில் இருக்கும் தலையணையை எடுத்துவிடுங்கள். உட்காரும்போது "தொப்" என்று விழக் கூடாது. மூன்று எண்ணி இறங்க வேண்டும், தொடைக்கு வேலையே அங்கேதான்.

சமநிலைக்கு: பாதங்களைச் சேர்த்து நிற்பது, பிறகு ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னே வைத்து, பிறகு முழுக்க முன்பின்னாக, கடைசியில் ஒற்றைக்கால். ஒவ்வொரு நிலையிலும் முதலில் இரு கை பிடிப்பு, அடுத்து ஒரு கை, அடுத்து விரல்நுனி, பிறகு பிடிப்பில்லாமல். 10 வினாடி மூன்று முறை ஆடாமல் நின்றால்தான் அடுத்த நிலை. அதுவும் பழகியபின் தலையை இடம் வலம் திருப்புவது, பாதித் தண்ணீர் உள்ள டம்ளரைப் பிடித்து நிற்பது, பேரன் சொல்லும் கணக்குக்குப் பதில் சொல்வது. வீட்டில் விழுபவர்கள் பாதி நேரம் வேறு எதையோ யோசித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். கண்ணை மூடி நிற்பதைத் தனியாகச் செய்யவே கூடாது.

எவ்வளவு மூச்சு வாங்கலாம்? பூஜ்யம் முதல் 10 வரை மதிப்பெண் போட்டால் 3 அல்லது 4. சிறு வாக்கியம் பேச முடிய வேண்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) இருந்தால் 88க்குக் கீழே இறங்கியதும் நிறுத்தி உட்காருங்கள். எண் கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்கும், பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நிமிடம் பாருங்கள். மருதாணி அழுத்தமாக வைத்த விரல், குளிர்ந்த விரல் வேண்டாம். நெஞ்சு வலி, மயக்கம், உதடு நீலமாவது இருந்தால் அன்றோடு நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மாற்றம் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நிறுத்தினால் சில மாதத்தில் கரைந்துவிடும்.

சிங்கப்பூரிலிருந்து: பள்ளத்தூர்ல பழைய வீடு. அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும்தான். வீட்ல என்ன மாத்தணும்?

உங்கள் வீடுகள் அழகுக்கும் வெயிலுக்கும் கட்டியவை, தடுமாறும் காலுக்கு அல்ல. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கிறார்கள், அதனால்தான் அந்த வழவழப்பு. எண்ணெய் போட்டுத் துடைத்து, மேலே நாலு சொட்டுத் தண்ணீரும் சிந்தினால் வழுக்கும். புரை விழுந்த கண்ணுக்கு அந்த மினுமினுப்பில் ஈரம் தெரியாது. எண்ணெய்த் துடைப்பை நிறுத்துங்கள். ஈரத்துணி போட்டபின் உலர்ந்த துணியால் ஒருமுறை. அப்பச்சி நடக்கும் பாதையை மட்டும் அவர்கள் தூங்கும்போது துடைக்கச் சொன்னாலே போதும். மடிந்து சுருளும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள்.

நிலைப்படிகளை இடிக்க வேண்டாம். விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தால் போதும். நிலைக்கு மஞ்சள் பூசும் வழக்கத்தை முன் விளிம்பு முழுக்க நீட்டி விடுங்கள், வளவுத் தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு இறங்கும் விளிம்பிலும் அதே மஞ்சள். நிலைக்கு வந்ததும் நின்று, ஒரு மூச்சு விட்டு, கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தாண்டணும் என்று பழக்குங்கள்.

பெரிய ஆபத்து வீட்டின் பின்கோடியில், கடைசிக் கட்டுப் பகுதியில் இருக்கும் கழிவறை. ராத்திரி அவ்வளவு தூரம், இருட்டு, மழையில் திறந்த முற்றம். படுக்கையை அதற்குப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள், அல்லது கட்டிலருகே கமோடு நாற்காலி. கைப்பிடிக் கம்பி போடும்போது கவனம்: பழைய சுண்ணாம்புப் பூச்சில் மட்டும் திருகினால் பெயர்ந்து வரும். உள்ளே செங்கல் வரை போகும் நீள ஆணி வேண்டும், கொத்தனாரைத் தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடித்தால் கம்பியும் ஆளும் சேர்ந்து வருவார்கள். குளியல், ரப்பர் அடி வைத்த முக்காலியில் உட்கார்ந்துதான். தலைக்குக் கை தூக்கித் தேய்ப்பதே மூச்சு வாங்க வைக்கும்.

கண்டனூரிலிருந்து: வீட்ல ஆக்சிஜன் மெஷின் வச்சிருக்கோம். டியூப் கால்ல சிக்குது. மூச்சு வாங்கினா லிட்டரைக் கூட்டலாமா?

கூட்டக் கூடாது. சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் சிலருக்கு ஆக்சிஜன் அதிகமானால் கரியமில வாயு உடம்பில் தேங்கும். காலையில் தலைவலி, பகலில் மந்தம், குழப்பம் வரும், அதுவே விழ வைக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஆக்சிமீட்டர் எண் 88 முதல் 92 வரை இருந்தாலே போதும், உங்களுக்கான அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். டியூபைச் சுவரோரமாகப் பிளாஸ்டிக் கிளிப் போட்டுக் கொண்டுவாருங்கள், மிச்சத்தைக் கையில் சுருட்டிப் பிடித்து நடக்கட்டும். தரையின் நிறத்தோடு கலக்காத வண்ண நாடாவை அரை மீட்டருக்கு ஒன்று சுற்றினால் கண்ணில் படும். டியூப் மாட்டியபடி குத்துவிளக்கு, அடுப்பு, ஊதுவத்திப் பக்கம் போகக் கூடாது.

கோட்டையூரிலிருந்து: அம்மா ராத்திரி எழுந்தா தள்ளாடுறாங்க. தூக்க மாத்திரையும் இருமல் சிரப்பும் எடுக்கிறாங்க.

சந்தேகம் அங்கேயேதான். அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகளும், தூக்கம் வரவைக்கும் இருமல் சிரப்புகளும் மூச்சையும் மந்தமாக்கும், காலையும் தள்ளாட வைக்கும். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தால் வரும் மூத்திரத் தடைக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் எழும்போது பிரஷரை இறக்கும். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம், படிப்படியாகக் குறைக்கணும்.

அதே ஊர், இன்னொருவர்: ஆயா சிகரெட்டே தொட்டதில்லை. அவங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். முப்பது நாற்பது வருஷம் விறகடுப்பு ஊதியவர்களுக்கும் இதே நோய் வரும்.

காரைக்குடியிலிருந்து: கைத்தடின்னா அப்பச்சி கோவப்படுறாங்க. எந்தத் தடி சரி?

செருப்புப் போட்டு நிமிர்ந்து நிற்க, கை தொங்க விட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரத்துக்குத் தடியின் தலை இருக்கணும். பலமில்லாத காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கணும், ரப்பர் முனை தேய்ந்ததும் மாற்றணும். மூச்சு அதிகம் வாங்குபவருக்குச் சக்கரம் வைத்த வாக்கர் இன்னும் நல்லது. கையை ஊன்றி முன்சாயும்போது மூச்சு சுலபமாகும், அதிக தூரமும் போகலாம். நிலைப்படி உள்ள வீட்டுக்குள் அது உதவாது, தெருவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெளியூருக்கு மட்டும் என்று பேசிப் பாருங்கள், கோபம் குறையும்.

குன்றக்குடி மலைக்கோயிலுக்குப் போகணும்னு மாமா கேட்கிறாங்க, மலைப்படி ஏறலாமா?

நோய் அமைதியாக இருக்கும்போது, வீட்டில் ஒரு மாடிப்படி ஏறிப் பார்த்துவிட்டு. ஏறும்போது பலமான கால் முதலில், இறங்கும்போது பலமில்லாத கால் முதலில். ஒரு படியில் இரண்டு காலும் சேர்ந்தபின் அடுத்த படி. காலைத் தூக்கும்போது மூச்சு விடு. மூச்சு முட்டிய பிறகு நிற்பதைவிட, ஐந்து ஐந்து படிக்கு ஒருமுறை தானாக நிற்பது நல்லது. எல்லாரும் ஏறுவதற்குத்தான் பயப்படுகிறார்கள், விழுவதோ இறங்கும்போது. ஓய்ந்த தொடையால் உடம்பைத் தாங்கி இறக்க முடியாது. மேலே உட்கார்ந்து 15 நிமிடமாவது ஆறிவிட்டு, ஓரக் கைப்பிடியைப் பிடித்து, உங்களில் ஒருவர் ஒரு படி கீழே முன்னால் போக இறங்குங்கள். கல் சுடும் நேரம் வேண்டாம். சளி, இருமல் கூடி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் இந்தப் பேச்சே வேண்டாம்.

பள்ளத்தூரிலிருந்து: தனியா இருக்கும்போது விழுந்துட்டா எப்படி எழறது?

உடனே எழ முயல வேண்டாம். அப்படியே கிடந்து உதட்டைக் குவித்து ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு விடுங்கள். கவட்டையில் கடுமையான வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருப்பது, ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் அடி என்றால் அசையாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். போன் மேசையில் இருந்து பயனில்லை, கழுத்தில் பையில் தொங்கட்டும்.

வலி இல்லையென்றால் ஒரு பக்கம் புரண்டு, முழங்கையை ஊன்றி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து, சுவரில் முட்டியிருக்கும் நாற்காலிக்குப் போங்கள். இரு கையும் இருக்கையில். பலமான காலின் பாதத்தை முன்னே தரையில் பதித்து, மூச்சை விட்டபடியே எழுந்து, திரும்பி உட்காருங்கள். நன்றாக இருக்கும் நாளில், பக்கத்தில் ஆள் வைத்து, தடித்த ஜமுக்காளம் விரித்து இதை முன்கூட்டியே பழகிவையுங்கள்.