குங்ஃபூ தெரிந்ததால்தான் சீன நடிகர் வாங் பாவோச்சியாங் சினிமாவில் ஜெயித்தாரா?

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. ஷாவ்லின் பயிற்சிதான் இந்தக் கிராமத்துப் பையனை நட்சத்திரமாக்கியதா என்பது ஒன்று. இன்றைக்கும் அதே வழியில் ஒருவர் போக முடியுமா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு என் பதில்: இல்லை. குங்ஃபூ அவரை ஸ்டூடியோ வாசல்வரை கொண்டுபோய் விட்டது, அவ்வளவுதான். உள்ளே கூட்டிப் போனது அவருடைய முகமும், வாயைத் திறந்தால் வரும் ஊர்ப் பேச்சும்.

வாங் பிறந்தது 1984இல், ஹெபெய் மாகாணத்தில் சிங்தாய் நகரைச் சேர்ந்த நான்ஹ வட்டாரத்தில். விவசாயக் குடும்பம். 1982இல் ஜெட் லீ நடித்து வந்த ஷாவ்லின் படம் அந்தத் தலைமுறைச் சிறுவர்களைப் பைத்தியமாக்கியிருந்தது. ஹெனான் மாகாணத்தில் குங்ஃபூவுக்குப் பேர்போன ஷாவ்லின் பௌத்தக் கோயிலைச் சுற்றித் தற்காப்புக் கலைப் பள்ளிகள் காளான் மாதிரி முளைத்தன. வாங் எட்டு வயதில் அங்கே போய் ஆறு வருடம் பயின்றார். பலர் அவரை 'ஷாவ்லின் துறவி' என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. துறவு ஏற்காமல் பயிலும் சீடர்கள் அங்கே ஏராளம், இவரும் அப்படித்தான். பதின்ம வயதின் நடுவில் பெய்ஜிங் வந்தார். கையில் பள்ளிச் சான்றிதழ் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

அப்போது பெய்ஜிங்கின் வடக்கு மூன்றாம் சுற்றுச்சாலையில் பெய்ஜிங் ஃபிலிம் ஸ்டூடியோ இருந்தது. நடிக்க வந்த வெளியூர்க்காரர்கள் விடியற்காலையிலிருந்தே அதன் வாசலில் குந்தியிருப்பார்கள். 'ச்சுன்தோவ்' என்று அழைக்கப்படும் ஆள் பிடிப்பவர் வருவார். இத்தனை தலை வேண்டும், இந்த வயது, இந்த உயரம் என்று கைகாட்டி வண்டியில் ஏற்றுவார். நாள் முழுக்க நின்றால் 20, 25 யுவானும் ஒரு டப்பா சோறும். அந்தக் கூலியிலும் அவருக்குக் கமிஷன் உண்டு. வாசலில் இருந்தவர்கள் இரண்டு விதமாக ஏமாந்தார்கள். கூலியை இழுத்தடித்துக் கடைசியில் தராமல் போவது ஒன்று. 'போட்டோ ஆல்பம் எடுத்தால்தான் பதிவு செய்வோம்' என்று பணம் பறிப்பது மற்றொன்று. இரண்டாவது வகை மோசடி இன்னும் ஒழியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நாட்டின் முதன்மையான திரைப்படக் கல்லூரியும் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். அதில் சேர நுழைவுத் தேர்வு, பொதுக் கல்வித் தேர்வு எல்லாம் தாண்ட வேண்டும். நடிப்புப் பிரிவின் முதல் வடிகட்டலே உரைநடையையோ கவிதையையோ சுத்தமான மாண்டரினில் சொல்லிக் காட்டுவது. ஹெபெய் கிராமத்து இழுவையோடு பேசுகிற, குள்ளமான, கறுத்த பையனுக்கு அந்த வாசல் திறந்திருக்காது.

இங்கேதான் குங்ஃபூ விஷயம் வருகிறது. சண்டை தெரிந்தவனுக்குக் கூட்டத்தில் நிற்பவனைவிட வேலை சுலபமாகக் கிடைக்கும், கூலியும் சற்றுக் கூடுதல். ஆனால் ஸ்டண்ட் ஆளின் வேலையே முகம் தெரியாமல் இருப்பதுதான். நாயகனுக்காக விழுவான், கேமராவுக்கு முதுகு காட்டி உதை வாங்குவான். அடிபட்டால் படுத்திருக்கும் நாட்களுக்குக் கூலி கிடையாது. பத்து வருடம் இப்படி விழுந்தாலும் எந்த இயக்குநருக்கும் அவன் முகம் நினைவிருக்காது. வாங்கோடு அதே வாசலில் நின்ற எத்தனையோ சண்டைக்காரர்களின் பெயர் நமக்குத் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

அவரை அதிலிருந்து வெளியே எடுத்தது 2003இல் வந்த 'ப்ளைண்ட் ஷாஃப்ட்'. இயக்கியவர் லி யாங். இரண்டு மோசடிக்காரர்கள் வேலை தேடி அலையும் ஆளைப் பிடித்து, உறவினன் என்று பொய் சொல்லி நிலக்கரிச் சுரங்கத்தில் சேர்த்துவிடுவார்கள். உள்ளே வைத்து அவனைக் கொன்று, விபத்து என்று சொல்லி முதலாளியிடம் இழப்பீடு வாங்குவார்கள். அவர்கள் பிடிக்கும் அடுத்த பலியாடு, காணாமல்போன அப்பாவைத் தேடி வரும் பதினாறு வயதுப் பையன். அந்த வேடம் வாங்குக்கு. உண்மையான சிறு சுரங்கங்களுக்குள் இறங்கி, கிட்டத்தட்ட ஆவணப்படம் போல எடுத்தார்கள். வசனத்தை உச்சரிக்கப் பயிற்சி பெற்ற எவன் நின்றாலும் அந்தச் சுரங்கத்தில் பொய்யாகத் தெரிந்திருப்பான். கல்லூரிக்காரர்கள் எதைக் குறையென்று தள்ளியிருப்பார்களோ, அதுவே இங்கே தகுதியாகிவிட்டது. சம்பளம் சுமார் 2,000 யுவான்.

படம் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக்கரடி விருது வாங்கியது. வாங்குக்குத் தைவானின் தங்கக் குதிரை விழாவில் சிறந்த புதுமுக விருது கிடைத்தது. அரசு அனுமதியில்லாமல் எடுத்த படம் என்பதால் சீனத் திரையரங்குகளில் வரவே இல்லை. ஆனால் டிவிடியில் சுற்றியது, சினிமாக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். அதனால்தான் அடுத்த ஆண்டே ஃபெங் சியாவ்காங் இயக்கிய 'எ வேர்ல்ட் விதவுட் தீவ்ஸ்' படத்தில் ஹாங்காங் நட்சத்திரம் ஆண்டி லாவுக்குப் பக்கத்தில் இவரால் நிற்க முடிந்தது. திபெத்தில் கோயில் வேலை பார்த்துச் சேர்த்த 60,000 யுவானோடு ஊருக்கு ரயிலேறும் வெகுளிப் பையன் வேடம். உலகத்தில் திருடர்களே இல்லை என்று நம்புகிறவன். பேச்சில் தன் ஊர் வாடையை அவர் மறைக்கவில்லை. படம் பார்த்தவர்களின் காதில் நின்றதே அந்தப் பேச்சுதான்.

2006இல் 'சோல்ஜர்ஸ் சார்ட்டி' தொலைக்காட்சித் தொடர் வந்தது. மந்தமான கிராமத்துப் பையன் ராணுவத்தில் சேர்ந்து படிப்படியாகத் தேறும் கதை, காதலுக்கு இடமே இல்லாத தொடர். அதில் ஒரு காட்சியை மட்டும் எடுத்துப் பாருங்கள். இரும்புக் கம்பியில் வயிற்றை வைத்துச் சுற்ற வேண்டும். வாங் நடித்த ஷூ சான்துவோ என்ற அந்தப் பையன் 333 முறை சுற்றுவான். கைப்பிடி நழுவுகிறது, முகம் வெளிறுகிறது, ஆனாலும் அவன் எண்ணிக்கையை விடுவதில்லை. ஆறு வருடப் பயிற்சி முதன்முறையாக உருப்படியாகப் பயன்பட்டது இப்படிப்பட்ட இடத்தில்தான் என்பேன். சண்டை போடுவதற்கு உதவியதைவிட, பாத்திரத்தின் பிடிவாதத்தை உடம்பால் காட்டுவதற்கு அது அதிகம் உதவியது.

அதற்குப் பிறகு வந்த சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று வெற்றியும் ஒரே அச்சு: வெகுளி, கிராமத்தான், நல்லவன். தயாரிப்பாளர்கள் அதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். 2010இல் 'லாஸ்ட் ஆன் ஜர்னி', 2012இல் 'லாஸ்ட் இன் தாய்லாந்து'. பின்னதில் கையில் கள்ளிச்செடியோடு பயணம் போகும் வெங்காயத்தாள் ரொட்டிக்காரன். சீனாவில் 100 கோடி யுவான் வசூலைத் தாண்டிய முதல் உள்நாட்டுப் படம் அது. அங்கேயே உட்கார்ந்திருந்தால் நாற்பது வயதில் சலித்துப்போயிருப்பார்கள்.

அவர் அச்சை உடைத்த விதம் எனக்குப் பிடிக்கும். 2013இல் ஜியா ஜாங்கவின் 'எ டச் ஆஃப் சின்' படத்தில், சிகாகோ புல்ஸ் குல்லாய் போட்ட, அதிகம் பேசாத கொலைகாரன். அதே கிராமத்து முகம்தான், ஆனால் இப்போது பயமாக இருக்கிறது. அடுத்த ஆண்டு 'குங்ஃபூ ஜங்கிள்' படத்தில் டானி யென்னுக்கு எதிராக ஒரு வெறிபிடித்த வில்லன். நேரடிச் சண்டைப் படமாக அவர் கலை முழுதாகத் தெரிந்தது அதில்தான் என்று நினைக்கிறேன். 2015இல் தொடங்கிய 'டிடெக்டிவ் சைனாடவுன்' வரிசை வேறு ரகம், வசூலில் மலை. அதை இயக்கிய சென் சிசெங் யாரென்றால், ராணுவத் தொடரில் இவரோடு நடித்தவர்.

2017இல் இயக்குநராகவும் இறங்கி, இந்தியாவைக் களமாக வைத்து ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார். வசூல் வந்தது, ஆனால் விமர்சகர்கள் கிழித்தார்கள். மோசமான படங்களுக்குக் கொடுக்கும் 'தங்கத் துடைப்பம்' விருதை மேடையேறித் தானே வாங்கிக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். 2023இல் 'நெவர் சே நெவர்' வந்தது. மலைக்கிராமத்து ஏழைப் பையன்களைக் கூண்டுச் சண்டைக்குப் பழக்கும் பயிற்சியாளரின் கதை. சுமார் 220 கோடி யுவான் வசூல்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பெய்ஜிங் வாசல் கலைந்துவிட்டது. இப்போது போக வேண்டிய இடம் ஜெஜியாங் மாகாணத்தில் படப்பிடிப்புக்குப் பேர்போன ஹெங்டியன். அங்கே நடிகர் சங்கத்தில் அடையாள அட்டை காட்டிப் பதிந்தால் உறுப்பினர் அட்டை கிடைக்கும். பத்து மணி நேரம் ஒரு நாள் கணக்கு, அதற்கு மேல் போனால் கூடுதல் கூலி. சிங் வம்சக் கதைக்குத் தலையை மழித்தால் தனிக் காசு. பிணமாகப் படுத்தால் திருஷ்டி கழிப்பது போல ஒரு சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். கூட்டத்தில் நிற்பவர் அடுத்து ஏற வேண்டிய படி 'தேயுவே', அதாவது ஒன்றிரண்டு வசனம் உள்ள வேடம். பலர் தடுக்குவது இதில்தான். கவனிக்கப்பட வேண்டும் என்று கூட்டத்தில் மிகையாக நடிப்பார்கள். அடுத்த நாள் கூப்பிட மாட்டார்கள். முகம் ஒருமுறை தெளிவாகப் பதிந்துவிட்டால் அதே தொடரில் வேறு வேடமும் கிடைக்காது.

வாங் போன வழி இன்று இன்னும் குறுகல் என்பது என் கணிப்பு. செல்பேசியில் நிமிடக் கணக்கில் ஓடும் செங்குத்துத் தொடர்களால் ஹெங்டியனில் வேலை பெருகியிருக்கிறது. ஆனால் அவற்றுக்கு வேண்டியது கோட்டு சூட்டுப் போட்ட கோடீஸ்வர முதலாளி முகம்தான். வழக்கமான தொலைக்காட்சித் தொடர்களில் நல்ல வேடமே கிடைத்தாலும், பின்னணிக் குரல் கலைஞர் ஒருவர் சுத்தமான மாண்டரினில் பேசி, நடித்தவரின் ஊர்ப் பேச்சைத் துடைத்துவிடுவது அங்கே சகஜம்.