கேளுங்கள், சொல்கிறோம்: பெயரெழுத்து விளையாட்டு

கேள்வி: மகன் செழியனுக்கு இரண்டரை வயது. பெயரை எழுதிக் காட்டினாலே எழுந்து ஓடிவிடுகிறான். விளையாட்டாகச் சொல்லித்தர முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பென்சிலை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். இந்த வயதில் எழுத்தை அடையாளம் கண்டாலே போதும்.

பழைய அட்டைப்பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு நான்கு துண்டுகள் வெட்டி, செ, ழி, ய, ன் என்று ஒரே நிறத்தில் தடிமனாக எழுதுங்கள். எழுத்துக்கு ஒரு நிறம் கொடுத்தால் பிள்ளை நிறத்தைத்தான் நினைவில் வைக்கும். 'செ'யைக் கொம்பு தனி, 'ச' தனி என்று பிரிக்கவே கூடாது. கண்ணுக்கு முதலில் படும் கொம்புக்குத் தனி ஒலி கிடையாது, குழந்தை குழம்பிவிடும்.

முதல் வாரம் 'செ' மட்டும். செருப்பு, செடி பக்கத்தில் அட்டையை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். அடுத்து 'ன்': நீங்கள் 'ன' எழுதுங்கள், புள்ளிக்குப் பெரிய ஸ்டிக்கர் பொட்டை அவன் ஒட்டட்டும். பொட்டு வாய்க்குப் போகாமல் கூடவே இருங்கள்.

தட்டில் ரவையை மெல்லிசாகப் பரப்பி விரலால் கோடு இழுக்கலாம். தடிமனாகக் கொட்டினால் கோடு மூடிவிடும். கல்மாவு வேண்டாம், கண்ணில் பட்டால் உறுத்தும். கடலை, மணி அடுக்கும் விளையாட்டும் மூன்று வயதுக்குள் ஆபத்து, தொண்டையில் சிக்கும்.

'ழி'யை 'யி' என்றுதான் சொல்வான். திருத்தாதீர்கள், நீங்கள் சரியாகச் சொன்னால் போதும். ஐந்து நிமிடம் தாண்டினால் அட்டை பறக்கும். அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.